பத்து வெள்ளி கற்பித்த பாடம்

(ஆலயத் திருவிழாவினையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

‘சமூகத்தின் பொருளாதார முன்னேற்றத்தில் நமது பங்கு’ என்னும் பொருளில் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தனர். ஆலய மண்டபத்தில் பணத்தைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள்களை வகுத்த நம் முன்னோர், பொருளை அறத்திற்கு அடுத்த இடத்தில் வைத்தனர். அறவழியில் ஈட்டி, அறத்திற்கே பயன்படும் பொருளைப் பற்றிச் சிந்திக்க ஆலயத்தினும் தகுந்த இடம் வேறு எது?

இத்திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். பூ தொடுப்பவர், தேங்காய், வாழையிலை கொண்டு வருபவர், பந்தல் போடுபவர், நாதஸ்வரக் குழுவினர், அன்னதானச் சமையலர், அச்சகத்தார், துணிக்கடைக்காரர், பலகார வணிகர் என எத்தனையோ குடும்பங்களின் உழைப்பு இதில் அடங்கியுள்ளது. பிரிக்பீல்ட்சின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும் நாம் காணும் வணிகம், பெரும்பாலும் இத்தகைய சிறு வணிகர்களின் வணிகமே. இவர்களுள் பலர் வாடகைக் கடைகளில் தொழில் செய்கின்றனர். வாடகை உயர்ந்தாலோ, கட்டடம் கைமாறினாலோ, பல்லாண்டு உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர்களை விட்டு வெளியேற வேண்டிய நிலை. இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட சிக்கல்.

இச்சிக்கல் நமக்குப் புதியதன்று. 1950-களில் நம் பெற்றோரும் பாட்டன்மாரும் இதனைவிடக் கடுமையான ஒன்றைச் சந்தித்தனர். அக்காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பல விற்கப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். தோட்டம் துண்டாடப்பட்டால் தொழிலாளிக்கு வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடு, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி, அவர்கள் எழுப்பிய கோயில் ஆகிய யாவும் கேள்விக்குறியாகும். ஏனெனில் அவர்கள் காடழித்து வளர்த்த மண்ணில் ஒரு சாண்கூட அவர்களுக்கு உரிமையில்லை. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கையாக வெளியிட்டார்.

அந்நிலையில் ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள், 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சங்கத்தின் பங்கு ஒன்று 100 வெள்ளி. நாட்கூலி பெறும் தொழிலாளி அத்தொகைக்கு எங்கே போவார்? ஆகவே முன்பணமாக 10 வெள்ளி கட்டினால் போதும், எஞ்சியதைச் சிறுகச் சிறுகச் செலுத்தலாம் என்று தோட்டந்தோறும் நேரில் சென்று எடுத்துரைத்தார். துண்டாட விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளர்களே கூட்டாக வாங்கிவிட்டால், அதனைத் துண்டாட எவருமிலர் என்பதே அவர்தம் எளிய கணக்கு. சங்கம் தோட்டங்களை வாங்கத் தொடங்கிற்று. கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் அத்தொடக்க காலத் தோட்டங்களுள் ஒன்று. பால் மரம் சீவிய கைகள், அம்மரம் நின்ற நிலத்தின் பங்குப் பத்திரத்தையும் ஏந்தின. சங்கத்தின் தலைமையகம் இன்றும் கோலாலம்பூரில் அப்பெருமகனாரின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் இயங்கி வருகின்றது.

அன்பர்களே, அந்த 10 வெள்ளி மூன்று உண்மைகளைக் கற்பிக்கின்றது. சிறிய தொகையாயினும் தவறாமல் சேர்ந்தால் பெருமுதலாகும் என்பது முதலாவது. சேர்ந்த பணம் பிரிந்து போகாமல் ஒரு சொத்தாக நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. அச்சொத்தின் கணக்கு, பங்கு வைத்திருக்கும் கடைசி மனிதருக்கும் தெரிய வேண்டும் என்பது மூன்றாவது.

முதல் உண்மை நம்மவர்க்குத் தெரியாததன்று. நம் இல்லத்தரசியர் பலர் ‘கூட்டு’ கட்டுகின்றனர். பத்துப் பன்னிருவர் சேர்ந்து மாதந்தோறும் பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்கின்றனர். தவணை தவறாமல் கட்டும் ஒழுக்கமும், ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையும் அவர்களிடம் இருக்கின்றன. ஆயினும் இரு குறைகள் உள்ளன. கூட்டு நடத்துவதை ஒரு தொழிலாகச் செய்தல் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. பணம் திரட்டியவர் மறைந்துவிட்டால் ஏமாந்தவருக்குப் பிடிமானம் குறைவு. இரண்டாவதாக, சுற்று முடிந்ததும் பணம் கரைந்துவிடுகின்றது. ஒருவருக்குத் திருமணச் செலவு, இன்னொருவருக்குக் கல்லூரிக் கட்டணம் எனப் பயன்பட்டாலும், கூட்டாக எதுவும் எஞ்சுவதில்லை. அதே ஒழுக்கத்தைச் சட்டப்படி பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டு சென்றால், பணமும் பாதுகாக்கப்படும், சொத்தும் நிற்கும்.

இவ்வழியில் முன்னேறியவர்கள் உலகெங்கும் உளர். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844 ஆம் ஆண்டில் 28 பேர், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாகச் சேர்ந்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி விற்கும் சிறு கடையொன்றைத் திறந்தனர். ஒருவர்க்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவிற்கேற்ப இலாபப் பங்கு என்னும் விதிகள் அங்கிருந்தே உலகெங்கும் பரவின. சென்னையில் 1904 ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று.

தமிழகத்தின் தென்பகுதி நாடார் சமூகத்தின் வரலாறு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கமுதிக் கோயிலுள் நுழையும் உரிமைக்காக அவர்கள் நடத்திய வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் 1908 இல் தோல்வியுற்றது. இறைவன் சந்நிதியே மறுக்கப்பட்ட அம்மக்கள் சோர்ந்து அமரவில்லை. வணிகர்கள் தங்கள் கொள்முதல், விற்பனையில் ஒரு சிறு பகுதியை ‘மகமை’ என ஒதுக்கி உறவின்முறையிடம் கொடுத்தனர். வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் சேர்ந்தது. அப்பணத்தில் கிணறும் சந்தையும் பள்ளியும் எழுந்தன. பின்னாளில் முதலமைச்சரான காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு பேணப்பட்ட பள்ளியே. 1921 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் அவர்கள் தொடங்கிய நாடார் வங்கி, பின்னர்த் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறி இன்றளவும் நின்று நிலவுகின்றது.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. தோட்டத் துண்டாடலை ஆராய்ந்த அதே உங்கு அப்துல் அசீஸ் அவர்கள், ஹஜ் யாத்திரைக்காக நிலத்தையும் கால்நடையையும் விற்றுவிடும் மலாய்க் கிராமத்தவரின் துயர் கண்டு, அவர்களின் சிறுசேமிப்பை ஒன்று திரட்டும் திட்டத்தை 1959 இல் முன்மொழிந்தார். 1963 இல் செயற்பட்ட அத்திட்டமே பின்னர்த் தாபோங் ஹாஜி ஆயிற்று. சமய நோக்கத்திற்கான சேமிப்பே பெரும் பொருளாதார நிறுவனமாக வளரக்கூடும் என்பதற்கு அது சான்று.

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் கூற வேண்டும். 1986 ஆம் ஆண்டில், பொதுமக்களிடம் வைப்புத் தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் செயற்பாட்டைப் பேங்க் நெகாரா முடக்க நேர்ந்தது. இலட்சக்கணக்கான வைப்பாளர்கள் தவித்தனர். மக்கள் பணம் நிலபுலன்களிலும் பங்குகளிலும் சூதாட்டம்போல் இறைக்கப்பட்டதும், இயக்குநர்கள் தமக்கும் தம்மைச் சார்ந்தவர்க்கும் கடன் வழங்கிக்கொண்டதும் அதற்குக் காரணங்கள். கூட்டுறவு என்னும் பெயர் மட்டும் எவரையும் காப்பாற்றாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் உறுப்பினரே சங்கத்தின் உண்மையான காவலர். கணக்குக் கேட்பவரைக் குழப்பவாதி என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்குமாயின், அதனை முதலில் ஒழிக்க வேண்டும்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். 1881 ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின்னர், நகரைச் செங்கல்லால் மீண்டும் எழுப்பினர். செங்கற்சூளைகள் இருந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அது இரயில்வேத் தொழிலாளரின் ஊராயிற்று. 2001 இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் தொடங்கி வைத்தனர். 2015 நவம்பரில் இந்தியாவின் அன்பளிப்பான தோரண வாயிலும் திறக்கப்பட்டது. இவை நமக்குப் பெருமையே. ஆயினும் ஓர் இடத்தின் மதிப்பு உயர உயர, அங்குள்ள நிலத்தின் விலையும் வாடகையும் உயரும். கடை சொந்தமாயின் அவ்வுயர்வு வணிகருக்கு வரவு; வாடகையாயின் அதுவே செலவு. தோரண வாயில் வணிகரைத் தாங்காது. அவர் பெயரிலுள்ள பட்டாவே தாங்கும். தோட்டத்தில் அன்று நிகழ்ந்ததும் நகரத்தில் இன்று நிகழ்வதும் ஒன்றே. ஆதலின் மருந்தும் ஒன்றே.

அதற்காக நான்கு வேண்டுகோள்களை இச்சபைமுன் வைக்கிறேன்.

முதலாவது, பதிவும் கணக்கும். அரசாங்கப் பணியில் இருப்பவன் என்ற முறையில் பல விண்ணப்பங்களை நான் கண்டுள்ளேன். உழைப்பிலும் திறமையிலும் குறைவில்லாதவர்கள், பதிவுச் சான்றோ, தனி வங்கிக் கணக்கோ, வரவு செலவுக் குறிப்போ இல்லாமையால் பின்தங்குகின்றனர். 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது ஆலயங்கள் மூடப்பட்டன, பூக்கடைகள் வெறிச்சோடின. அவ்வாண்டு நுண் வணிகர்களுக்கு 3,000 ரிங்கிட் சிறப்பு மானியம் அறிவிக்கப்பட்டபோது, பதிவு பெற்றிருந்தவர்களே விண்ணப்பிக்க முடிந்தது. தெக்குன் நேசனல் வழங்கும் இந்தியத் தொழில்முனைவர் கடனாயினும், வங்கிக் கடனாயினும், முதலில் கேட்கப்படுவது சான்றும் கணக்குமே. ஆகவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஆலய மண்டபத்தில் பதிவு உதவி முகப்பொன்று அமைத்திட வேண்டுகிறேன். நம்மிடையே கணக்காளர் உளர், வழக்கறிஞர் உளர், அரசு ஊழியர் உளர். இரண்டு மணி நேரத் தொண்டு ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றக்கூடும்.

இரண்டாவது, ஆலயமே நல்ல வாடிக்கையாளராக விளங்குதல். பூவும் இலையும் பந்தலும் அச்சும், தரமும் விலையும் ஒத்திருக்குமாயின், இவ்வட்டாரச் சிறு வணிகரிடமே பெறுவோம். அதனினும் இன்றியமையாதது, உரிய காலத்தில் பணம் கொடுத்தல். ‘கோயில் காரியந்தானே, பிறகு பார்க்கலாம்’ என்று பாக்கி வைத்தால், அந்தச் சிறு வணிகர் வட்டிக்கடைக்காரரிடம் செல்ல நேரும். முப்பது நாளுக்குள் பணம் தருவதை ஆலயத்தின் விதியாகவே வைத்துக்கொள்வோம். நாமும் நம் இல்லத்து விசேடங்களில் அவ்வாறே செய்வோம். தெரிந்தவர் கடை என்பதற்காகத் தள்ளுபடி கேட்பது ஆதரவன்று. முழு விலை கொடுத்து மறுமுறையும் செல்வதே ஆதரவு. வணிகரும் தம் கடமையை மறத்தலாகாது. நம்மவர் என்னும் உணர்வு வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்து வரும்; தரமும் நேர்மையுமே அவரைத் திரும்ப அழைத்து வரும்.

மூன்றாவது, கூட்டு உடைமை. இவ்வட்டாரக் குடும்பங்கள் சேர்ந்து, கூட்டுறவுச் சட்டத்திற்குட்பட்டு ஒரு சங்கம் அமைத்து, மாதச் சந்தாவால் காலப்போக்கில் கடைவீடு ஒன்றை வாங்க முயலலாம். கீழ்த்தளத்தில் நம் சிறு வணிகர்க்கு நியாய வாடகையில் இடம், மேல்தளத்தில் பயிற்சி வகுப்பு என அதனைப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே நற்பெயருடன் இயங்கும் சங்கமொன்றில் இணைவதும் நன்றே. ஆனால் ஒன்றினை வலியுறுத்துகிறேன். உண்டியல் பணம் இறைவனுக்குரியது. அதனை எவர்க்கும் கடனாகக் கொடுத்தலோ வணிகத்தில் இடுதலோ கூடாது. ஆலயக் கணக்கும் சங்கக் கணக்கும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். பொறுப்பாளரும் வெவ்வேறாக இருப்பின் இன்னும் சிறப்பு.

நான்காவது, இளைஞர்க்குத் தொழிற்பழக்கம். தமிழ்ப்பள்ளியில் வாய்பாடு ஒப்பித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. படித்து அரசாங்க வேலைக்குப் போ என்பதே எங்கள் பெற்றோர் சொன்ன ஒரே அறிவுரை. அது தவறன்று. ஆனால் ஆயிரம் பேர் விண்ணப்பிக்கும் ஓர் இடத்தை மட்டுமே நம்பியிருத்தல் இனியும் போதாது. பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் ஒரு கடையின் கல்லாவிலும் கணக்கேட்டிலும் பழகட்டும். கடை வைத்திருப்பவரும், ‘என் துன்பம் என் மகனுக்கு வேண்டா’ என்னாது, தொழிலின் நுணுக்கத்தை அவர்களுக்குக் கற்பிக்கட்டும்.

அன்பர்களே, தேரினை ஒருவர் இழுத்தல் இயலாது. வடத்தைப் பிடித்தவர் பல்லாயிரவராயினும் திசை ஒன்றாக இருப்பதால்தான் தேர் நகர்கின்றது. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். பட்டமும் பதவியும் கைப்பேசியும் பெற்றுள்ள நம்மால், நம் தெருவில் ஒரு கடைவீட்டை வாங்க இயலாதா? நம் பூக்காரம்மாவிற்கு ஒரு பதிவுச் சான்று பெற்றுத்தர இயலாதா? இத்திருவிழா நிறைவுறுவதற்குள் அம்முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறிக்குமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் வேண்டி, அம்முகப்பில் அமரும் தொண்டர்களுள் ஒருவனாக என் பெயரையும் இப்பொழுதே தந்து அமர்கிறேன்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நம் உழைப்பும் நம் ஒற்றுமையும் ஓங்குக!