கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய மனிதர்கள்

காகித ஓவியங்களைக் கண்காட்சியில் வைத்தால், உள்ளே வருகிற பலரும் முதலில் கேட்பது, "ஏன் இங்கே இவ்வளவு மங்கலாக இருக்கிறது?" என்பதுதான். காரணம் இருக்கிறது. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை வெளிச்சம் தரலாம். காகிதத்துக்கு 50 லக்ஸ்தான் என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. வெளிச்சத்தில் காகிதம் பழுக்கும், வண்ணம் வெளிறும். போன நிறம் திரும்பாது. அதனால்தான் சில மாதம் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஐதராபாத்தில் காகித ஓவியங்களைப் பராமரிப்பது என் தொழில். ஒரு குடும்பத்தார் சட்டம் போட்ட பழைய நீர்வண்ண ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பல வருஷம் தொங்கியது. சட்டத்தைக் கழற்றினால், அட்டை மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் புடவையின் சிவப்பு அப்படியே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் பழுப்பு. வீட்டுப் பெரியவர் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு, "இதுதானா நிஜ நிறம்?" என்றார். நேயர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் இன்றைக்கே வெயில் படாத சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, அந்த மங்கல் வெளிச்சத்தில் எதைப் பார்ப்பது? நான் முதலில் சொல்வது ஓவியர் லக்ஷ்மா கௌட். 1940இல் மேதக் மாவட்டத்து நிஜாம்பூரில் பிறந்தவர். ஐதராபாத்தில் ஓவியம் படித்து, பரோடா போய் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் கற்றுத் திரும்பியவர். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய எட்சிங் அச்சோவியங்களின் முன் என்னால் மணிக்கணக்கில் நிற்க முடியும்.

எட்சிங் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில், அமிலம் அரிக்காத மெழுகுப் பூச்சு பூசுவார்கள். அதன்மேல் ஊசியால் வரைவார்கள். ஊசி மெழுகை மட்டும் விலக்கும். தகட்டை அமிலத்தில் இட்டால், மெழுகு விலகிய இடம் அரிபடும். சீக்கிரம் எடுத்துவிட்டால் மெல்லிய கோடு. இன்னும் கொஞ்சநேரம் விட்டால் ஆழமான, கருத்த கோடு. பிறகு மையைத் தேய்த்து, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தைப் பரப்பி உருளைக்கு அடியில் ஓட்டுவார்கள். காகிதத்தைத் தூக்கினால் இடது வலதாக மாறிய படம்.

இப்போது கௌட் வரைந்த ஆட்டைப் பாருங்கள். மயிர் ஒவ்வொன்றும் தனிக்கோடு. தலைப்பாகை கட்டிய கிராமத்து ஆள், பக்கத்தில் பெண், சுற்றிலும் செடிகொடி. அவர்களுக்குள் ஓடும் ஆசையை அவர் ஒளிக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால், கோலமாவு இழை தரையில் நிற்பதுபோல மை காகிதத்தில் மேடிட்டு நிற்கும். சுற்றிலும் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் இருக்கும். அடியில் பென்சிலில் 5/20 என்று இருந்தால், இருபது பிரதிகளில் அது ஐந்தாவது. இதெல்லாம் நான்கடி தள்ளி நின்றால் தெரியாது. தொடாதீர்கள், ஆனால் கிட்டே போங்கள்.

கௌடைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரிவதில்லை. தோட்டா வைகுண்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1942இல் கரீம்நகர் மாவட்டத்தில் பிறந்தவர். பெரிய பொட்டும் பளிச்சென்ற சேலையுமாக அவர் தீட்டிய தெலங்கானாப் பெண்கள் நாடறிந்தவர்கள். என் ஆசை, அவருடைய கரிக்கோட்டுப் படங்களையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்பது. வண்ணம் இல்லாமலே அந்தத் தோளும் கழுத்தும் கனம் கொள்கின்றன. நம் ‘வீடு’ படத்து அர்ச்சனா நடித்த ‘தாசி’ தெலுங்குப் படத்துக்குக் கலை இயக்குநராகத் தேசிய விருது வாங்கியவரும் இவர்தான்.

காகிதத்தில் கோட்டால் மனிதரை வரையும் இந்த வழி தமிழர்களான நமக்கும் புதிதல்ல. எழுத்தாளர் கி.ரா.வின் கரிசல் மனிதர்களுக்கு முகம் கொடுத்த ஓவியர் ஆதிமூலத்தின் பேனாக் கோடுகளைப் பத்திரிகையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கான்வாஸில் பிடிக்காததை மறைத்து மேலே தீட்டலாம். காகிதத்தில் பேனாக் கோடு விழுந்தால் விழுந்ததுதான். ஓவியரின் கை எங்கே தயங்கியது, எங்கே துணிந்தது என்பது வெளிப்படையாகத் தெரியும். மனித உருவத்தை வரைய இதைவிட நேர்மையான இடம் எனக்குத் தெரியாது.

நேரம் முடிகிறது. ஐதராபாத் வந்தால் மாதாப்பூரில் அரசு ஓவியக்கூடம் இருக்கிறது. சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் நவீன இந்திய ஓவியங்களுக்குத் தனிக் கூடமே உண்டு, வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டாம், ஒரே ஓவியத்தின் முன் பத்து நிமிஷம் நில்லுங்கள். வீடு திரும்பியதும் பிள்ளை பென்சிலும் தாளும் கேட்கும் என்று நம்புகிறேன். கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் வரையுங்கள்.