முள்ளிடைப் பூத்த பொன்

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில், தாமரைக்குளம் அணிசெய்ய விளங்குவது கீழக்குயில்குடி ஐயனார் திருக்கோயில். இத்தகைய ஊர்க்கோயில்களில் திருப்பணி என்றால் புதர் களைதல் முதல் வேலையாக அமையும். அவ்வேளையில், முள்ளுடையவற்றையெல்லாம் ஒரே கோடரிக்கு இரையாக்குதல் தகுமா?

மதுரையைச் சூழ்ந்த வறண்ட சமவெளியில் வளரும் கஸ்தூரி வேலை எடுத்துக்கொள்வோம். அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் அமைந்துவிடும் புதர்ச்செடி அது. கணுதோறும் வெண்முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். இலைகள் மிக நுண்ணியவை. பனிக்காலத்தில் பொன்னுருண்டைகள் போன்ற பூக்கள் மலர்ந்து நறுமணம் கமழும். காய் கருமை படர்ந்து, தடித்துச் சற்றே வளைந்திருக்கும். ஓடைக்கரையும் தரிசும் வேலியோரமும் அதன் உறைவிடங்கள். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி மண்ணை வளப்படுத்துகின்றன.

இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பநாடுகள். ரோமாபுரியில் பார்னேசு குடும்பத்தாரின் தோட்டத்தில் வளர்ந்தமையால் அக்குடும்பப் பெயர் இதன் அறிவியற் பெயரில் இடம்பெற்றது. பிரான்சு நாட்டுக் கிராஸ் நகரத்தார் இப்பூவிலிருந்து வாசனைத் தைலம் வடித்தனர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் இராபர்ட் வைட்டும் அறிஞர் ஆர்னாட்டும் 1834இல் இதற்கு வாசெல்லியா என்னும் இனப்பெயரை வழங்கினர். அப்பெயரே இன்று அறிவுலகில் வழங்குகின்றது.

2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்றப் பணித்ததும், ஊர்தோறும் கோடரிகள் எழுந்தன. சீமைக் கருவேலும் கடல்கடந்து வந்ததே. ஆயினும் அது கண்மாய்களை அடைத்துப் பரவியதுபோல் கஸ்தூரி வேல் இவ்வட்டாரத்தில் பரவியதில்லை. இரண்டிற்கும் முள் உண்டு; ஆதலின் முள்ளைக் கண்டு தெளிதல் அரிது. பூவைக் காணல் வேண்டும். சீமைக் கருவேலின் பூ விரல்போல் நீண்ட கதிர். கருவேல், வெள்வேல், கஸ்தூரி வேல் ஆகியவற்றின் பூவோ உருண்டை.

சென்னையை அடுத்த திருவேற்காடு வேலமரத்தாலேயே பெயர்பெற்ற தலம். நான்மறைகளே வேலமரங்களாய் நின்று இறைவனை வழிபட்டன என்பது அத்தலவரலாறு. அங்குத் தலமரம் வெள்வேல். முள்மரத்தில் மறையைக் கண்ட மரபு நம்முடையது. கோபுரத்திற்குப் பொருள் வழங்கும் கைகள், கோயில் நிலத்துச் செடிக்கும் ஒரு நொடி பொறுத்தல் வேண்டும். வெட்டுமுன் பூவை நோக்குக! அதுவும் திருப்பணியே.