முதியோர் பயணம்: புகையிரதமா, வாடகை வண்டியா?



கொழும்பில் வாழும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தந்தையரை அழைப்பிக்கும்போது, முதலில் எழும் வினா எது மலிவு என்பதாகவே இருக்கின்றது. எழுபது வயதைக் கடந்த ஒருவர், இரண்டு பெட்டிகளோடும் ஓர் உரப்பையோடும் புறப்படுவாராயின், அவ்வினா மூன்றாவதாகவன்றோ வரவேண்டும்? அவர் எத்தனை படி ஏற வல்லவர் என்பது முதலாவது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அவர் ஒதுங்கவேண்டியவர் என்பது இரண்டாவது. இவை வாய்விட்டுக் கேட்கக் கூசும் வினாக்கள். ஆதலாற் பிள்ளைகள் கேட்பதில்லை, பெரியவர்களும் சொல்வதில்லை.

யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். 1990இல் அச்சேவை அறுந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 சனவரியில் காங்கேசன்துறை வரையும் பாதை மீண்டது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் வடக்கே ஒரு தலைமுறை புகையிரதத்தில் ஏறாமலே வளர்ந்துவிட்டது. இன்று வீடுகளிற் பயண ஒழுங்கு செய்வோர் பெரும்பாலும் அத்தலைமுறையினர். எனவே, “ஒரு வான் பிடிப்போம்” என்பதே அவர்கள் வாயில் முதலில் வருகின்றது. பெரியவர்களுக்கோ புகையிரதம் இளமையில் அறிந்த உறவு.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தைக் கால் மடித்தபடி கடப்பது முதிய உடலுக்கு நன்றன்று. நெடுநேரம் அசையாதிருந்தாற் கால்கள் வீங்கும். சிலருக்குக் காலின் நாளங்களில் இரத்தம் உறைவதும் உண்டு. புகையிரதத்தில் எழுந்து நாலடி நடக்கலாம். கழிவறையும் பெட்டியிலேயே இருக்கின்றது. வாடகை வண்டியிலோ, சாரதியிடம் நிறுத்தச் சொல்லக் கூசி, முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடியாதிருக்கும் தாய்மார் பலர். சிறுநீர் பிரிவதற்கான குளிசையை அன்று விழுங்காமலே விடுவோரும் உளர். இது விளையாட்டன்று. இருதய நோயாளர் இவ்வாறு தாமாக மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஊறு செய்யலாம். பயணநாளில் எந்நேரம் எதை உட்கொள்வது என்று வைத்தியரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனினும், புகையிரதத்தின் குறைகளை மறைப்பதற்கில்லை. கோட்டை நிலையத்தில் மேடை மாறவேண்டுமாயின் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கவேண்டும். பெட்டியின் மிதிபடியும் உயரமானது. கொடிகாமம் போன்ற சிறு நிலையங்களில் வண்டி நிற்கும் நேரம் சொற்பம். அதற்குள் மூட்டுவலிக்காரர் ஒருவர் மூன்று பொதிகளோடு இறங்குவது எங்ஙனம்? ஏற்றிவிட ஒருவரும் இறக்கிவிட ஒருவரும் இல்லையெனிற் புகையிரதத்தை நான் சிபார்சு செய்யேன். முழங்கால் மடியாதவர்க்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கும், வாசலில் ஏறி வாசலில் இறங்கும் வண்டியே தக்கது.

அவ்வாறு வண்டி பிடிப்போர் சாரதியின் உறக்கத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். முந்திய இரவு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அதே மனிதர், பகலிற் கொழும்பு வீதிகளில் அலைந்துவிட்டு, மறு இரவே திரும்புவது வழக்கமாகிவிட்டது. பின்சாமத்தில் ஏ-9 வீதியில் கண் அயர்வதற்கு ஒரு நொடி போதும். குறுக்கே மாடு நிற்பதற்கும் அந்த நொடி போதும். விடியற்காலையிற் புறப்பட்டுப் பகலோடு ஊர் சேருமாறு பேசிக்கொள்ளுங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவதற்கு எப்படியும் நிறுத்துவார்கள். அதுபோல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தவேண்டும் என்பதையும், மகனே முன்கூட்டிச் சாரதியிடம் சொல்லிவிட்டால், தாய் வாய் திறக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புகையிரதக் கட்டணம் தலைக்கு; வாடகை வண்டிக்கட்டணம் வண்டிக்கு. வெறுமையாகத் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்தே பெரும்பாலும் கேட்பார்கள். நால்வராயின் வண்டி கட்டுப்படியாகலாம், இருவராயின் அரிது.

இனிப் பொதிகள். தலைக்குமேல் உள்ள தட்டில் தாமே தூக்கி வைக்க இயலாத எதையும் முதியவர் தம்முடன் கொண்டுசெல்லலாகாது. ஒடியலும், பனங்கட்டியும், மிளகாய்த்தூளும், பருவகாலத்திற் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் இல்லாமல் எங்கள் பாட்டிமார் கொழும்புக்கு வரமாட்டார்கள் என்பது நானறிந்ததே. அவற்றைத் தடுப்பானேன்? முதல்நாளே பொதியாக அனுப்பிவிட்டால், ஆள் கைவீசி வரலாம். மருந்தும், கண்ணாடியும், ஒரு மாற்றுடையும் மட்டும் மடியிலுள்ள பையில் இருக்கட்டும்.

2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் நாட்டின் இருப்புப்பாதைகளைப் பல இடங்களிற் சிதைத்தது. ஆதலின், நாளைக் குறிப்பதற்கு முன்னரே, வண்டி எதுவரை ஓடுகின்றது என்பதை நிலையத்தில் விசாரியுங்கள். பாதி வழியில் இறங்கிப் பேருந்துக்கு மாறவேண்டும் என்றாற் பெரியவர்களுக்குப் புகையிரதம் வேண்டாம்.