அம்மா பக்கத்தில்

பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டங்களில் கொழுந்து பறித்து வளர்த்த அம்மா நோயில் கிடக்கிறாள் என்றதும், கொழும்புக் கடையில் லீவு கேட்டு, இரவு மெயிலில் நின்றபடியே வந்து சேரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்களைப் பார்க்கும்போது எனக்குத் திருவண்ணாமலை ஞாபகம் வரும். பதினாறு வயதில் வீட்டைத் துறந்து அங்கே வாழ்ந்த துறவி ரமணர். 1914இல் தாய் அழகம்மாள் கடும் காய்ச்சலில் விழுந்தபோது கூடவே இருந்து கவனித்தார். 1922 மே 19 அன்று, ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, உயிர் பிரியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாம் துறந்தவர், இதைத் துறக்கவில்லை!

தம்பிமாரே, செலவுக்காசைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்காதீர்கள். லயத்துக் காம்பராவுக்குள் போய் உட்காருங்கள். வலி என்று அம்மா சொன்னால், பதுளை பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் வலிக்கென்றே மருந்து கேளுங்கள்.