கரணை பிடிக்கும் கைகள்

(யூபிலி விழா மகளிர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



எருசலேம் மதிலைப் பழுதுபார்த்தவர்களுள் சல்லூமோடு அவருடைய புதல்வியரும் இருந்தனர் என்கிறது நெகேமியா ஆகமம் (3:12).

சேலம், நாமக்கல் பகுதிகளில் நம் தாய்மார் சும்மாடு வைத்துச் செங்கலும் சாந்தும் சுமக்கிறார்கள். இக்கோயில் சுவரிலும் அவர்கள் சுமந்த கல் உண்டு. ஒரே நாளில் வேலைக்கு வந்த பையன் சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிறான். அந்தத் தாயோ கடைசிவரை சித்தாள். திறமை குறைவா? இல்லை, கரணையை அவள் கையில் யாரும் கொடுப்பதில்லை.

1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. 1994-ல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. தாய்மாரே, வாரியத்தில் தவறாமல் பெயரைப் பதியுங்கள். கொத்தனார்களே, சல்லூமைப் போல மகளையும் அருகில் நிறுத்தித் தூக்குக்குண்டு பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்.

யூபிலி விடுதலையின் ஆண்டு அல்லவா! இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.