ஊரடங்கு நாட்களில் நாம் எதை நம்பினோம்?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். முன்வரிசை அக்காமார் சிலர் அதற்கான கேள்விகளோடுதான் வந்திருக்கிறார்கள் என்று தெரியும். தேநீர் நேரத்தில் பதில் சொல்கிறேன். இப்போது நான் பேசப்போவது கொவிட் காலத்தைப் பற்றி. ஐயோ, மறுபடியுமா என்று சிலர் பெருமூச்சு விடுவது கேட்கிறது. வைரஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்துவிட்டது. அந்த நாட்களில் அரசாங்கம் சொன்னதை நாம் ஏன் கேட்டோம், எங்கே கேட்காமல் விட்டோம் என்பதைப் பற்றி நமக்குள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் அது மே 26 வரை நீடித்தது. காலி வீதியில் பஸ் ஓடவில்லை. பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்றால் கடல் இரைச்சல் கேட்டது. கடமைக்குப் போகும் வழியில் அனுமதிப் பத்திரத்தைக் காட்டிக் காட்டி என் கையே பழகிவிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பர் முடியும்வரை நாட்டில் கொவிட்டால் இறந்தவர்கள் 13 பேர் மட்டுமே. இலங்கையர் ஒழுக்கமானவர்கள், சொன்ன சொல் கேட்பவர்கள் என்று வெளிநாடுகளில் இருந்த நம் தோழிகள்கூடப் பெருமைப்பட்டார்கள். அதே மாதங்களில் ஊரடங்கை மீறியதற்காகக் கைதானவர்கள் 60,000 பேருக்கு மேல். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தலைமுறைக்கு ஊரடங்கு புதிய சொல்லா? 83இல் சிலர் கைக்குழந்தைகள், சிலர் முதலாம் வகுப்பு. 87 முதல் 89 வரை, பிறகு 96 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டு. ஊரடங்கு என்று வானொலி சொன்னால் அரிசி, பருப்பு, மெழுகுதிரி, குழந்தைக்குப் பால்மா என்று அம்மாமாரின் கை தானாகக் கணக்குப் போடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர்கள் கொவிட் காலத்தில் அமைதியாக வீட்டுக்குள் இருந்ததை நம்பிக்கை என்று எழுதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதில் பெரும்பகுதி பழக்கம்.

பழக்கத்தின் அடியில் இருந்தது என்ன என்று ஏப்ரல் மாதத்தில் என் வீட்டிலேயே பார்த்தேன். குடும்ப விபரம் கேட்டு ஒரு படிவத்தோடு ஆட்கள் வந்தார்கள். காய்ச்சல் இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உண்டா, வீட்டில் எத்தனை பேர் என்பவைதான் கேள்விகள். நல்ல நோக்கம். என் அம்மா சங்கிலியைக் கழற்றாமல் கதவிடுக்கால் பதில் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டா: "ஏன் பிள்ளை, எத்தினை பேர் இருக்கிறம் எண்டு ஏன் கேக்கினம்?" அம்மாவின் அலுமாரியில் ஒரு கோவை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அவற்றோடு பொலிஸ் பதிவுப் படிவங்களின் பிரதிகள். வீட்டில் யார் யார், எந்த ஊர், எதற்காகக் கொழும்பில் தங்குகிறார்கள் என்று வருடா வருடம் எழுதிக்கொடுத்த தாள்கள். போர் முடிந்து 11 வருடங்கள் ஆகியும் அவற்றை எறியவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். ஆனால் படிவத்தோடு ஒருவர் கதவைத் தட்டும்போது அம்மாவுக்கு நினைவு வருவது நீதிமன்ற உத்தரவல்ல, அந்த பஸ்தான்.

கொவிட் தடுப்புக்கான தேசிய நடவடிக்கை மையத்தின் பொறுப்பு 2020 மார்ச்சில் இராணுவத் தளபதியிடம் கொடுக்கப்பட்டது. இராணுவத்தினர் பலர் ஓய்வில்லாமல் உழைத்தார்கள், தனிமைப்படுத்தல் நிலையங்களில் கனிவாக நடந்தார்கள். என்னோடு வேலை செய்தவர்களைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காய்ச்சல்காரரைத் தேடிச் சீருடை வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது ஒரு வைத்தியக் கேள்வி. சொல்ல வேண்டியவர் சொல்லமாட்டார். இருமலை விழுங்குவார். சரித்திரத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1897இல் பூனாவில் பிளேக் நோயாளிகளைத் தேடிப் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். சனங்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் பிளேக் ஆணையாளர் ராண்ட் சுடப்பட்டார். நாம் கொவிட்டுக்குப் பயன்படுத்திய தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான்! நோய் புதிது, சட்டம் கொள்ளுப்பாட்டி காலத்தது. வீட்டு வாசலில் நின்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தங்களுக்குப் போதிய சட்ட அதிகாரம் தரப்படவில்லை என்று 2020 ஜூலையில் கொவிட் கடமைகளிலிருந்து விலகியது பலருக்கு மறந்திருக்கும். பொலிஸ் ஊரடங்குக்கே சட்ட அடிப்படை என்ன என்று சட்டத்தரணிகள் அப்போது கேட்டார்கள். விதியைப் போட்டவர்களுக்கே விதி தெளிவில்லாதபோது மீறியவர்கள் மட்டும் பொறுப்பில்லாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி, பிறகு பேலியகொடை மீன் சந்தை. தொற்று வடகொழும்புக்கு வந்தது. முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பகுதிகளும் தொடர்மாடிகளும் வாரக்கணக்கில் முடக்கப்பட்டன. நாட்கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீடுகள். பொதி வருகிறது, 5,000 ரூபா வருகிறது என்பார்கள். ஒரு மாடிக்கு வரும், அடுத்த மாடிக்கு வராது. அந்த நாட்களில் நான் வெளிநோயாளர் பிரிவில் இருந்தேன். முகத்துவாரத்துக்காரர்கள் வெள்ளவத்தையில் இருக்கும் சகோதரியின் விலாசத்தைக் கொடுப்பார்கள். சொந்த விலாசம் சொன்னால் வேலைக்குப் போகும் வீட்டில் கேட்டைத் திறக்கமாட்டார்கள். பொய் விலாசத்தை வைத்துத் தொடர்பாளர்களைத் தேடினால் யாரைப் பிடிப்பது? சுகாதாரப் பகுதியினர் வெள்ளவத்தையில் தேடிக்கொண்டிருக்க, வைரஸ் முகத்துவாரத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பாரமான விடயம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்றது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவையே என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே வழிகாட்டியிருந்தது. நம் முஸ்லிம் அயலவர்கள் மன்றாடினார்கள், வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளான ஒரு குழந்தை பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் கம்பிகளில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அந்த வாரங்களில் மூச்சுத் திணறலோடு வந்த ஒரு முதியவர் பரிசோதனைக்கு மூக்கை நீட்ட மறுத்துவிட்டார். ஒக்சிசன் அளவு விழுந்துகொண்டிருந்தது. நான் கெஞ்சினேன். "மௌத்தானா என்னைய எரிச்சிடுவாங்களா மகள்? அத மட்டும் சொல்லுங்க" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆம் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார். அவருடைய பயத்தை அறியாமை என்று சொல்ல முடியுமா? அவர் வர்த்தமானியைச் சரியாக விளங்கிக்கொண்டவர். அவரைப் போல எத்தனை பேர் நேரம் பிந்தி வந்தார்கள், எத்தனை பேர் வராமலே போனார்கள் என்பதை எந்த அட்டவணையும் காட்டாது.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அந்த விதி மாற்றப்பட்டது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து திரும்பிய மறுநாள். மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. அறிவியல் மாறவில்லை, விருந்தாளி வந்தார், விதி மாறியது என்று சனங்கள் சொன்னால் மறுக்க என்னிடம் வாதம் இல்லை. அடுத்த முறை நான் அறிவியல் என்று வாய் திறக்கும்போது அவர்களுக்கு இதுதான் நினைவு வரும். கேகாலைப் பாணியை அமைச்சர் ஒருவரே குடித்துக் காட்டியதையும், ஆற்றில் முட்டி போட்டதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டியைப் பற்றி அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது!

லண்டனிலிருந்து வந்திருக்கும் தோழிகள் இலங்கை என்றால் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பிரதமரின் ஆலோசகர் 2020இல் முடக்கத்தின் நடுவே குடும்பத்தோடு டர்ஹாம்வரை காரோட்டிப் போனார். நீங்கள் அம்மா அப்பாவின் மரணச் சடங்கைக் கணினித் திரையில் பார்த்த நாட்களில் டவுனிங் வீதியில் விருந்து நடந்தது. 177 நாடுகளையும் ஆட்புலங்களையும் ஒப்பிட்டு 2022இல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு, அரசின் மீதும் ஒருவர்மீது ஒருவரும் நம்பிக்கை கூடிய நாடுகளில் தொற்று குறைவாக இருந்ததைக் காட்டியது. அயலவர் மீதுள்ள நம்பிக்கையும் கணக்கில் வருகிறது என்பது கொழும்பில் வாழ்ந்த எவருக்கும் ஆச்சரியமாக இராது.

நம் நாட்டில் அப்படி ஒரு நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது. களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் தொடங்கியது. ஏறக்குறைய நம் பாடசாலையின் வயது. அன்றிலிருந்து குடும்பநல மாது வீடு வீடாகப் போகிறா. கையில் துப்பாக்கி இல்லை, குழந்தையின் நிறைப் பதிவட்டை இருக்கிறது. சண்டை நடந்த காலத்திலும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊசி போடப் போனார்கள். 2021இல் கொவிட் தடுப்பூசிக்கு வெயிலில் வரிசையில் நின்ற சனத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், அந்த வரிசையைப் பொலிசார் கொண்டுவரவில்லை. வருட முடிவுக்குள் நாட்டின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டு ஊசிகளும் போட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் மீது கடும் கோபத்தில் இருந்தவர்களும் வந்து கையை நீட்டினார்கள். அதே அரசுதான். படிவத்தோடு வந்தால் சங்கிலியைக் கழற்றாத என் அம்மா, ஊசிக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே சேலை உடுத்து ஆயத்தமாகிவிட்டா.

வடகொழும்பின் ஒரு தொடர்மாடியில் நடந்ததையும் சொல்கிறேன். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், நம் பழைய மாணவி. பெயர் சொன்னால் கோபிப்பார். பி.சி.ஆர். முடிவு வந்ததும் இரவில் பஸ் வந்து ஆட்களை ஏற்றிப் போகும்; எங்கே, எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் சிங்களத்தில் ஒலிபெருக்கியில். இந்த அக்கா அந்தப் பகுதிச் சுகாதாரப் பரிசோதகரோடு பேசினார். அவர் சிங்களவர், நல்ல மனிதர், நித்திரையில்லாமல் கண் சிவந்திருந்தவர். பஸ் எப்போது வரும், எங்கே போகிறது, எத்தனை நாள், என்னென்ன கொண்டுபோகலாம், வீட்டில் தனித்திருக்கும் பிள்ளையை யார் பார்ப்பது என்ற ஐந்து விடயங்களை அவர் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்வார். அக்கா அதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மாடிப்படியிலும் ஒட்டுவார். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவார். பஸ் பிந்தினால் பிந்துகிறது என்று எழுதுவார். இரண்டாம் வாரத்தில் ஆட்கள் தாங்களாகவே அவரிடம் வந்து எனக்குக் காய்ச்சல், பெயரைக் கொடுங்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்லும் வேலையை அந்த அக்கா ஒரு நீலப் பேனையால் செய்தார். டெங்கு மறுபடி ஏறும் காலங்களில் புகையடிக்க வருபவர்களும் ஒலிபெருக்கியோடுதான் வருகிறார்கள். கொழும்பின் ஒவ்வொரு ஒழுங்கையிலும் நம் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். எந்தப் பகுதியில் யார் என்று ஒரு தொலைபேசிப் பட்டியலைச் சங்கம் தயாரித்து, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. அக்காவின் அறிவித்தல்களில் மூன்றைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பெயர் பதிய விரும்புகிறவர்கள் இடைவேளையில் வாசல் மேசைக்கு வாருங்கள். முழங்கால் கேள்விகளுக்கும் அங்கேதான் இருப்பேன்.