எட்டரை மணிக்கு வட்டம் சுத்துது

போன எபிசோடுல டேட்டாபேஸ் பத்தி ஒரு மணி நேரம் பேசி உங்க பொறுமையைச் சோதிச்சுட்டேன்னு நண்பர்கள் திட்டினாங்க. அதனால இன்னைக்குச் சின்ன விஷயம்தான். மேச்சேரியில எங்க வீட்டு ஹால்ல இருக்கிற செட்டாப் பாக்ஸ் வைஃபையில நிக்காம வாரக்கணக்கா எங்களைப் படுத்தின கதை. சின்ன விஷயம்னு சொன்னாலும், இதைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. ஏன்னு போகப் போகத் தெரியும்.

மேச்சேரி தெரியாதவங்களுக்கு: சேலம் மாவட்டத்துல, மேட்டூர் பக்கம் இருக்கிற ஊரு. பத்ரகாளியம்மன் கோயில் இருக்கு. ஊர் பேரையே வெச்ச மேச்சேரி ஆடுன்னு ஒரு ஆட்டு இனமும் இருக்கு. எங்கப்பா மின்வாரியத்துல லைன்மேனா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

பொங்கலுக்குப் போனப்ப வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் போட்டேன். இருந்த பழைய டிடிஎச் பாக்ஸைக் கழட்டிட்டு, ஆண்ட்ராய்டு ஓடுற புது பாக்ஸ் வாங்கி வெச்சேன். மொட்டை மாடி டிஷ்ல இருந்து சேனல் வரும், வைஃபைல இருந்து யூடியூப் வரும், ஹார்ட் டிஸ்க் சொருகினா ரெக்கார்டும் பண்ணும். அப்பாவுக்கு யூடியூப்ல தெருக்கூத்து பார்க்கணும். சேலம் பக்கத்துக் கூத்து எக்கச்சக்கமா ஏத்தி வெச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் மணிக்கணக்கா ஓடும். அம்மாவுக்கு எட்டரை மணி சீரியல். ஆனா அந்த நேரம் அவங்க அடுப்படியில இருப்பாங்க. அதனால அது ரெக்கார்ட் ஆகும், சாப்பிட்டு முடிச்சுட்டு ஒன்பதரைக்குப் பார்ப்பாங்க. ரெண்டு பேருக்கும் செட் பண்ணிக் கொடுத்துட்டு, பெரிய சாதனை பண்ணின மாதிரி பெங்களூருக்கு பஸ் ஏறிட்டேன்.

ஒரு வாரத்துல போன். "கண்ணு, ராத்திரி எட்டரைக்கு மேல கூத்து நின்னுடுது. வட்டம் சுத்திக்கிட்டே கெடக்குது."

நான் உடனே கஸ்டமர் கேர் ஆயிட்டேன். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா. பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. வைஃபையை மறந்துட்டு மறுபடி பாஸ்வேர்ட் போடுங்க. ரிமோட்ல ஒவ்வொரு எழுத்தா நகர்த்தி பதினாலு எழுத்து பாஸ்வேர்ட் அடிக்கிறது என்ன கொடுமைன்னு உங்களுக்கே தெரியும். அதுலயும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல ஒரு அட் குறி. அதை வெச்சது நான்தான். அவரை நாலு தடவை அடிக்க வெச்சேன்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறேன். இந்த மாதிரி பாக்ஸ்ல பிரச்சினை வந்தா முதல்ல அதை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. சேனல் வருதா? வருதுன்னா டிஷ், எல்என்பி, கேபிள் எல்லாம் சரி, அந்தப் பக்கமே போக வேண்டாம். அந்த சிக்னல் சுமார் 36,000 கிலோமீட்டர் தாண்டி வருது, ஒழுங்கா வருது. பத்து மீட்டர் தள்ளி இருக்கிற ரவுட்டர்கிட்ட இருந்து வர்றதுதான் வரலை. ரெண்டாவது, உங்க பாக்ஸ் எந்த வைஃபை பேசும்னு பாருங்க. நிறைய பாக்ஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆன்ல இருந்தா, பாக்ஸுக்கு அந்தப் பேரே கண்ணுல படாது. பாதுகாப்பை டபிள்யூபிஏ 3-ன்னு மட்டும் வெச்சிருந்தா பழைய பாக்ஸ் உள்ளயே நுழையாது. வைஃபை இணைஞ்சிருக்கு ஆனா எந்த ஆப்பும் திறக்கலைன்னா, பாக்ஸ்ல தேதி சரியா இருக்கான்னு பாருங்க. தேதி தப்பா இருந்தா பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதுன்னு சொல்லிக் கதவை அடைச்சிடும்.

எங்க வீட்டுல இது எதுவும் இல்லை. பாக்ஸ் 2.4 மட்டும்தான், ஆனா பகலெல்லாம் அருமையா ஓடும். ராத்திரி எட்டரைக்கு நிக்கும். ராத்திரின்னா என்ன? அக்கம்பக்கத்துல எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, எல்லார் வைஃபையும் ஓடும், நெரிசல். எனக்கு இது தெளிவா இருந்துச்சு. 2.4-ல நெரிசல்ங்கிறது பொய்யும் இல்லை. இந்தியாவுல 2400-ல இருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 2005-லயே லைசென்ஸ் இல்லாமத் திறந்து விட்டுட்டாங்க. வைஃபை, புளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் அந்த ஒரே சந்துக்குள்ளதான். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கதான் கத்தும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நிக்கக்கூடிய சேனல் மூணே மூணு: 1, 6, 11. நான் பெங்களூர்ல இருந்தே ரவுட்டர் ஆப்ல சேனலை மாத்தி மாத்தி வெச்சேன். சரியாகலை. எக்ஸ்டெண்டர் ஒண்ணு வாங்கி அனுப்பி நடையில சொருகச் சொன்னேன். அப்பவும் சரியாகலை. அதே ஹால்ல போன்ல யூடியூப் ஓடுது, பாக்ஸ்ல ஓடலை. அப்ப பாக்ஸோட வைஃபை சிப்தான் போச்சுன்னு முடிவு பண்ணி, அதை மாத்தக் கிளம்பிட்டேன்.

நடுவுல ஒரு நாள் அப்பா கேட்டாரு, "நான் ஒவ்வொண்ணாப் புடுங்கிப் பாக்கட்டுமா?" நான் மீட்டிங்ல இருந்தேன். "அப்பா, தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்"னுட்டேன். அதுக்கப்புறம் அவரு அதைப் பத்திப் பேசறதை விட்டுட்டாரு. நல்லா ஓடுதாப்பான்னு கேட்டா, "ஓடுது, ஓடுது"ன்னுவாரு. ராத்திரியில கூத்து பார்க்கறதையே விட்டுட்டாருன்னு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன், லேப்டாப்போட. எட்டு மணிக்கே ஹால்ல உக்காந்துட்டேன். டிவி பக்கத்துல போனை வெச்சு அளந்தா சிக்னல் மைனஸ் 66 டிபிஎம். வீடியோவுக்குப் போதும். பாக்ஸ்ல பிங் ஆப் போட்டு ரவுட்டரைத் தட்டினா மூணு, நாலு மில்லிசெகண்ட்ல பதில் வருது. எட்டு இருபத்தஞ்சு, அப்பவும் அப்படித்தான். எட்டரை ஆச்சு. நாலு இருந்தது நானூறு, எண்ணூறு, அப்புறம் பதிலே இல்லை. போன்ல பார்த்தா சிக்னல் அதே மைனஸ் 66. புதுசா எந்த பக்கத்து வீட்டு வைஃபையும் முளைக்கலை. நான் தலையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

கட்டில்ல படுத்திருந்த அப்பா எந்திரிக்காமலே சொன்னாரு: "அந்தச் செவப்பு லைட்டு எரியறப்பத்தான் போவுது. அன்னிக்கே சொன்னனே."

சிவப்பு லைட்டுன்னா ரெக்கார்டிங். எட்டரைக்கு என்ன நடக்குது? அம்மா சீரியல் ஹார்ட் டிஸ்க்ல ஏற ஆரம்பிக்குது.

அன்னிக்கே சொன்னாரான்னு வாட்ஸ்அப்ல தேடினேன். இருந்துச்சு. முதல் வாரத்துலயே அனுப்பின வாய்ஸ் நோட், பன்னெண்டு செகண்ட். "உங்கம்மா நாடகம் ஏர்றப்ப மட்டும்தான் நிக்குது கண்ணு. நேத்து கரண்டு போயி நாடகம் ஏறல, அப்புறம் கரண்டு வந்ததுக்கு மேல கூத்து நல்லா ஓடுச்சு." இதைவிட நல்ல பக் ரிப்போர்ட்டை எங்க ஆபீஸ்ல நான் பார்த்ததில்லை. எப்ப வருது, எப்ப வரலை, ரெண்டும் பன்னெண்டு செகண்டுல. நான் அதுக்கு ஒரு கட்டை விரல் போட்டுட்டுப் போயிருக்கேன்.

ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினேன். பிங் மூணு மில்லிசெகண்ட். சொருகி ரெக்கார்ட் போட்டேன், செத்துப் போச்சு. பிடுங்கினேன், உயிர் வந்துச்சு.

காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தது நீல நிற யுஎஸ்பி ஓட்டையில. அது யுஎஸ்பி 3.0. அதுக்குள்ள நொடிக்கு 5 கிகாபிட் வேகத்துல டேட்டா ஓடும்போது, கம்பியில இருந்தும் கனெக்டர்ல இருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும். அந்த இரைச்சல் சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ் இடத்தையும் சேர்த்து நிரப்புது. இது ரகசியம் இல்லை, 2012-லயே இன்டெல் இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டிருக்கு. ஹார்ட் டிஸ்க் சொருகினா அந்த அலைவரிசையில இரைச்சல் மட்டம் கிட்டத்தட்ட 20 டெசிபல் ஏறுதுன்னு அளந்து காட்டியிருக்காங்க. 20 டெசிபல்னா நூறு மடங்கு. எங்க பாக்ஸ்ல வைஃபை ஆன்டெனாவும் அந்த நீல ஓட்டையும் ஒரே பெட்டிக்குள்ள, விரல்கடை தூரத்துல. லேப்டாப்ல எஸ்எஸ்டி சொருகினா பக்கத்துல இருக்கிற வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறும், பார்த்திருக்கீங்களா? அதுவும் இதே கேஸ்தான்.

சிக்னல் கோடு ஏன் குறையலைன்னு கேட்பீங்க. எங்க ஊர்ப்பக்கம் தறி வீடு நிறைய. தறி ஓடற வீட்டுக்குள்ள நின்னு பேசிப் பாருங்க. நீங்க பேசற சத்தம் குறையலை, ஆனா எதிர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேட்காது. போன்ல தெரியற கோடு பேசறவர் குரலை மட்டும்தான் அளக்குது, தறிச் சத்தத்தை அளக்காது. வைஃபை அனலைசர் ஆப்பும் மத்த வைஃபையைத்தான் காட்டும், இந்த மாதிரி இரைச்சலைக் காட்டாது. நான் வாரக்கணக்கா குரலையே அளந்துக்கிட்டு இருந்திருக்கேன். என் போன் ஏன் நல்லா ஓடுச்சுன்னா, அது 5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்துச்சு. அது வேற தெரு.

தீர்வு சொன்னா சிரிப்பீங்க. அதே பாக்ஸ்ல பக்கத்துல கறுப்பு ஓட்டை ஒண்ணு இருக்கு, யுஎஸ்பி 2.0. ஹார்ட் டிஸ்க்கை அதுக்கு மாத்தினேன். அதோட உச்ச வேகம் 480 மெகாபிட். ஒரு எச்டி சேனல் ரெக்கார்ட் ஆகறதுக்கு அதுல சின்னப் பங்குகூட வேண்டாம். பிரச்சினை அங்கயே முடிஞ்சுது. செலவு பூஜ்யம். எக்ஸ்டெண்டர் காசு போனது போனதுதான்.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட கேட்டேன், எப்படிப்பா லைட்டை கவனிச்சீங்கன்னு. அவரு 11 கேவி லைன் கதை சொன்னாரு. மழைக் காலத்துல ஃபீடர் டிரிப் ஆயிடும். பத்து கிலோமீட்டர் லைன்ல எந்தக் கம்பத்துல ஃபால்ட்டுன்னு தெரியாது. முதல் கம்பத்துல இருந்து ஒவ்வொண்ணா ஏறிப் பார்த்தா விடிஞ்சுடும். அதனால நடுவுல இருக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து, முன்பாதியை மட்டும் சார்ஜ் பண்ணுவாங்க. நின்னா முன்பாதி நல்லாயிருக்கு, ஃபால்ட் பின்பாதியில. அந்தப் பின்பாதியை மறுபடி ரெண்டாப் பிரிப்பாங்க. நாங்க இதுக்கு பைனரி சர்ச்சுன்னு பேர் வெச்சு காலேஜ்ல ஒரு செமஸ்டர் படிச்சோம். அவரு இருட்டுல, சேத்துல நின்னு பண்ணியிருக்காரு. "எது மாறுனப்ப போச்சுன்னு பாக்கணும், அவ்ளோதான். அதுக்குத்தான் புடுங்கிப் பாக்கட்டுமான்னு கேட்டேன்"னாரு. நான் தொடாதீங்கன்னு சொன்னதை அவரு சொல்லிக் காட்டலை. சொல்லியிருந்தாகூடப் பரவால்லைன்னு இருந்துச்சு.

மறுநாள் அவரே, எதுக்கு வைஃபையை நம்பிக்கிட்டு, கம்பி இழுத்துடலாம்னாரு. மேட்டூர் போய் கேட் 5இ கேபிள் இருபது மீட்டர் வாங்கிட்டு வந்தோம். நடையில இருந்து ஹாலுக்கு அவருதான் சுவத்துல துளை போட்டாரு, கேசிங் அடிச்சாரு. ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கு. முனையில கனெக்டர் அழுத்தற வேலை மட்டும் எனக்கு. ஒரு பக்கம் பச்சையையும் நீலத்தையும் மாத்தி வெச்சு அழுத்திட்டேன். கண்ணாடி போட்டு ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, வெட்டிட்டு மறுபடி போடச் சொன்னாரு.

நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா போன் பண்ணினாரு. பின்னாடி கூத்து மத்தளம் கேட்குது. எதிர்வீட்டு அண்ணன் பாக்ஸ்லயும் வட்டம் சுத்துதாம். "நான் போய்ப் பாத்துட்டு வரேன். எதாச்சும் கேக்கறதுன்னா கூப்பிடறேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. இன்னும் கூப்பிடலை.